கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில்

என் அப்பாவின் கொலுசுப் பட்டறை சேலம் செவ்வாய்ப்பேட்டையில், இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அகலமே உள்ள ஒரு சந்தில் இருந்தது. ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் அந்த அறையில், ஜன்னலுக்கு மேலே பலகை அடித்து, ஒரு சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியை அப்பா வைத்திருந்தார். பக்கத்துப் பட்டறைகளில் காலை முதல் மாலை வரை வானொலிப் பாட்டு ஓடும். எங்கள் பட்டறையில் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் பதினொரு மணி ஆனதும் நாடாளுமன்றக் கேள்வி நேரம் ஓடும். கண்ணி கோப்பவர்களும் சலங்கை பற்றவைப்பவர்களும் தலையைக் குனிந்தபடி வேலை செய்துகொண்டிருக்க, மேலே இந்தியும் ஆங்கிலமும் எப்போதாவது தமிழும் கேட்டுக்கொண்டிருக்கும். அப்பா புகுமுக வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கொண்டு, முக்கியமானது என்று பட்டதை மட்டும் தமிழில் சொல்வார்.

அவரிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. வெள்ளி எடை எழுதும் நோட்டுதான். அதன் பின்பக்கத்திலிருந்து திருப்பி, பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டு வைத்திருந்தார். முதல் பத்தியில் கேள்வி, இரண்டாவதில் அமைச்சரின் பதில். மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு குறி இருக்கும்: கேட்டதற்குப் பதில் வந்திருந்தால் ஒரு சுழி, வராவிட்டால் ஒரு படுக்கைக் கோடு. உருக்கிய வெள்ளிக் கட்டியை உரைத்துப் பார்த்துத் தரம் சொல்லும் அதே கவனத்தோடுதான் அவர் அந்தக் குறியைப் போடுவார். சில நாட்களில் நோட்டை மூடிய பிறகு யோசித்து, மறுபடி திறந்து, சுழியை அடித்துக் கோடாக மாற்றியிருக்கிறார். அவர் மறைந்த பிறகு அந்த நோட்டுகளில் மூன்று என்னிடம் வந்து சேர்ந்தன. சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் மக்கள் நேரடியாகப் பார்ப்பது குறித்து எனக்கு இருக்கும் கருத்துகள் அனைத்தும் அந்த மூன்றாவது பத்தியிலிருந்து பிறந்தவை என்பதால் அதை முதலில் சொல்லிவிட்டேன்.

இந்திய நாடாளுமன்றத்துக்குள் தொலைக்காட்சி மெல்ல மெல்லத்தான் நுழைந்தது. 1989 டிசம்பரில் குடியரசுத் தலைவர் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரைதான் முதன்முதலில் நேரலையாக வந்தது. 1992-இல் நிதிநிலை அறிக்கை வந்தது; அப்போதெல்லாம் அது மாலை ஐந்து மணிக்கு வாசிக்கப்படும் என்பதால் பட்டறையில் விளக்குப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். 1994 டிசம்பர் 7 முதல் கேள்வி நேரம் தூர்தர்ஷனில் நேரலையானது, ஒரு வாரம் மக்களவை, மறுவாரம் மாநிலங்களவை என்ற முறையில்.

கேள்வி நேரத்தின் நடைமுறையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அதன் சுவை எங்கே இருக்கிறது என்பது தெரியும். நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் இருபது, மக்களவையில் ஒரு நாளுக்குப் பட்டியலிடப்படுகின்றன. அவற்றுக்கு வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் பதில் அதிகாரிகள் எழுதிக் கொடுத்தது. பெரும்பாலும் அறிக்கை அவையின் முன் வைக்கப்பட்டுள்ளது என்று சொல்லி அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். அதன் பிறகு வருவது துணைக்கேள்வி, அது எப்படி வரும் என்பது அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. துறையை அறிந்த அமைச்சர் உடனே எழுந்து எண்களோடு பேசுவார். அறியாதவர் கோப்பைப் புரட்டுவார், அதிகாரிகள் அமர்ந்திருக்கும் பக்கம் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார். மறுநாள் நாளிதழில் பதில் மட்டுமே அச்சாகும், அந்தத் தயக்கம் அச்சாகாது. ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கேள்விகளைத் தாண்டுவதே பல நாட்களில் அரிதாக இருந்தது, எஞ்சியவற்றுக்கு எழுத்தில் பதில் போகும். அப்பா அதற்காக வருத்தப்பட்டதில்லை. நான்கு கேள்வி என்றாலும் முழுதாகக் கேட்டோமா என்பதே அவருக்கு முக்கியம்.

நான் அப்போது அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. 1996 மே மாதக் கோடை விடுமுறைக்கு அப்பாவின் வீட்டுக்கு வந்திருந்ததால், வாஜ்பாயின் பதின்மூன்று நாள் அரசு நம்பிக்கை கோரிய விவாதத்தைப் பட்டறையில் உட்கார்ந்து இரண்டு நாளும் பார்த்தேன். மே 28 அன்று அவர் வாக்கெடுப்புக்குக் காத்திராமல் பதவி விலகப் போவதாகச் சொன்னபோது, இந்தி தெரியாத எங்கள் பட்டறைக்காரர்கள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன சொல்கிறார் என்று எவரும் கேட்கவில்லை, குரலிலிருந்தே தெரிந்துகொண்டார்கள். 1999 ஏப்ரல் 17 சனிக்கிழமை, வாஜ்பாயின் இரண்டாவது அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. அன்று சேலத்துக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் இருந்தது: எங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினர் வாழப்பாடி ராமமூர்த்தி அந்த அரசில் பெட்ரோலியத் துறை அமைச்சராக இருந்தார். ஆதரவாக 269, எதிராக 270 என்று முடிவு வந்தது. ஒரு வாக்குக்கு என்ன மதிப்பு என்று அதுவரை குடிமையியல் பாடத்தில் நான் சொல்லிவந்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் நான் பாடநூலைத் திறக்கவே தேவைப்படவில்லை. பிள்ளைகளே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இரு அவைகளுக்கும் தனித்தனியாக நேரலை அலைவரிசைகள் 2004 டிசம்பரில் வந்தன. மக்களவைத் தொலைக்காட்சி முழு அலைவரிசையாக 2006 ஜூலையில் தொடங்கியது, மாநிலங்களவைக்கு 2011-இல் வந்தது, பின்னர் 2021 செப்டம்பரில் இரண்டும் சன்சத் தொலைக்காட்சி என்று ஒன்றாயின. எங்கள் பகுதி கேபிள்காரர் மக்களவை அலைவரிசையை வரிசையின் கடைசியில், படம் தெளிவாக வராத ஓர் எண்ணில் போட்டு வைத்திருந்தார். அதைச் சரிசெய்து தரும்படி அப்பா மாதச் சந்தா கொடுக்கும்போதெல்லாம் கேட்பார். இதைக் கேட்டு வந்தது தெருவிலேயே அவர் ஒருவர்தான் என்பதால் அது கடைசி வரை சரியாகவில்லை.

நாள் முழுவதும் அவையைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் காலியான இருக்கைகளும் தெரியத் தொடங்கின. வெள்ளிக்கிழமை பிற்பகலில், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள் விவாதிக்கப்படும்போது, ஒரு பெரிய மண்டபத்தில் ஆங்காங்கே சிலர் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் இருந்தால்தான் அவை நடக்கலாம் என்பது விதி. வகுப்பில் ஒரு மாணவி, “நாங்க பத்துப் பேர் வந்தா கிளாஸ் நடத்துவீங்களா டீச்சர்?” என்று கேட்டாள். விதியை அறிந்த எனக்கும் அந்தக் கேள்விக்குத் தக்க பதில் கிடைக்கவில்லை. அந்தக் காலி இருக்கைகளைப் பார்க்கும் உரிமையையும் வாக்காளரின் உரிமைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கேமரா இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சேலம் விஜயராகவாச்சாரியார் 1895-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அங்கே பேசியதைச் சேலத்துக்காரர்கள் அச்சில் வந்த அளவுக்கே அறிய முடிந்தது, அதற்குமேல் அன்று வழியில்லை. ஆனால் 1989-இல் வழி இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 25 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்ட நேரத்தில் நடந்த மோதலைப் பற்றி, தமிழ்நாட்டில் இன்றளவும் இரண்டு கதைகள் வழங்குகின்றன. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதாவுக்கு நேர்ந்தது என்ன, முதலமைச்சர் கருணாநிதிக்கு நேர்ந்தது என்ன என்று அவரவர் கட்சியார் அவரவர் கதையைச் சொல்கிறார்கள். முப்பது ஆண்டு கடந்தும், வெட்டப்படாத ஒரு பதிவைப் போட்டுப் பார்த்து இதுதான் நடந்தது என்று சொல்ல எவராலும் முடியவில்லை. அந்த நாள் நம் மாநில அரசியலை எவ்வளவு ஆழமாகக் கீறியது என்பது நம் தலைமுறைக்குத் தெரியும்.

அவையில் நடப்பதை வெளியே சொல்வது இங்கே எப்போதும் அச்சத்தோடு செய்யும் வேலையாகவே இருந்திருக்கிறது. 1987-இல் ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு எழுந்து சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். 2003 நவம்பரில் தி இந்து நாளிதழின் ஆசிரியர் உள்ளிட்டோருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று தீர்மானம் நிறைவேறியது, உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. செய்தியாளர் ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்தால் அவையின் உரிமையை மீறிய குற்றம் ஆகிவிடும் இடத்தில், நேரலை செய்தியாளருக்கும் ஒரு பாதுகாப்பு என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. நடந்தது எல்லோர் கண்முன்னும் நடந்திருந்தால், அதை எழுதியவரைத் தனியே கூண்டில் ஏற்றுவது கடினம்.

2017 பிப்ரவரி 18, மறுபடியும் ஒரு சனிக்கிழமை. எடப்பாடித் தொகுதி உறுப்பினரான பழனிசாமி முதலமைச்சராகப் பதவியேற்று, சட்டமன்றத்தில் நம்பிக்கை கோரினார். எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் முதலமைச்சராகியிருக்கிறார். அவர் அரசு நிலைக்குமா என்பது தெரியப்போகிறது. சேலத்தில் தொலைக்காட்சி ஓடாத வீடு இருந்திருக்காது. ஆனால் திரையில் வந்ததெல்லாம் கோட்டையின் வெளிச்சுவரும், நிற்கும் கார்களும், கைப்பேசியில் வந்ததைப் பார்த்து வாசிக்கும் செய்தியாளர்களும்தான். அவை ஒத்திவைக்கப்பட்டது என்றார்கள், எதிர்க்கட்சியினர் வெளியேற்றப்பட்டார்கள் என்றார்கள், சற்று நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு என்ற முடிவு மாலையில் தெரிந்தது. அவைக்குள் எடுத்த படம் வெட்டித் தொகுக்கப்பட்டே வெளியே வந்தது. அப்பாவுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டெல்லியில் 1996-இல் நடந்ததை இந்தச் சந்தில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது, சென்னையில் நடப்பதை இன்று பார்க்க முடியவில்லையே என்று அன்றிரவு சாப்பிடும்போது சொன்னார். நோட்டில் அந்தத் தேதியை மட்டும் எழுதி, மூன்று பத்திகளையும் வெற்றாக விட்டிருக்கிறார்.

அடுத்த ஆண்டே இந்தக் குறை எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. சேலம் – சென்னை எட்டுவழிச் சாலைக்கு, 277 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஐந்து மாவட்டங்களில் நிலம் அளக்கத் தொடங்கினார்கள். அயோத்தியாப்பட்டணத்தை அடுத்து என் தாய்மாமாவுக்கு இருந்த தென்னந்தோப்பில் 2018 ஜூனில் முட்டுக்கல் நட்டார்கள். அப்போது சட்டமன்றம் கூடியிருந்தது, சாலையைப் பற்றி அங்கே பேச்சும் நடந்தது. மாமா அன்று மாலை எனக்குத் தொலைபேசியில், “கண்ணு, முதலமைச்சர் என்ன வார்த்தை சொன்னாருன்னு சரியாச் சொல்லு. எடுத்தே தீருவோம்னாரா, இல்ல கேட்டுட்டு எடுப்போம்னாரா?” என்று கேட்டார். நான்கு அலைவரிசைகளில் நான்கு துண்டுகள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கி ஒவ்வோர் இடத்தில் முடிந்தது. அவர் கேட்ட வேறுபாடு சிறியதன்று, மூன்று தலைமுறை நிலம் அந்த ஒரு வினைமுற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் எதிர்க்கட்சியினர் என்ன கேட்டார்கள், அதற்கு எந்த வரிசையில் பதில் வந்தது என்பதை அறிய எனக்கு வழியே இருக்கவில்லை. நிலமெடுப்பு அறிவிக்கையை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாறான பார்வையை எடுத்தது. வழக்கின் போக்கு அது. என் மாமாவுக்கு அன்று மாலை தேவைப்பட்டது அவருடைய சட்டமன்றத்தில் பேசப்பட்ட வாக்கியம், முழுமையாக.

கேமரா வந்தால் உறுப்பினர்கள் நடிப்பார்கள், கூச்சல் பெருகும் என்பது பழைய ஆட்சேபம். பிரிட்டன் மக்களவை இதே அச்சத்தால் 1989 வரை தொலைக்காட்சியை உள்ளே விடவில்லை. அந்த அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கென்றே பேசப்படும் பேச்சுகளை நாம் இப்போது அன்றாடம் பார்க்கிறோம். ஆனால் இந்த நோய்க்குக் காரணம் துண்டு, முழு ஒளிபரப்பு அதற்கு மருந்து என்பது என் துணிபு. எட்டு மணி நேரம் ஒருவரால் நடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆவேசமாகப் பேசிய உறுப்பினர் தம் முறை முடிந்ததும் எழுந்து போய்விடுவதும், சத்தமே போடாத ஒருவர், துறைகளுக்கு நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கையின் மீது இருபது நிமிடம் ஏரி ஏரியாகப் பெயர் சொல்லி நிதி கேட்பதும் முழுதாகப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். அத்தகையவர்களை நம் அரசியல் அடையாளம் காணாமலே போவதற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம். யார் கையில் கேமரா இருக்கிறது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. அவையில் அமளி எழும்போது படம் அவைத்தலைவரின் இருக்கைக்குத் திரும்பிவிடும் வழக்கத்தை நீண்டநாள் பார்வையாளர்கள் அறிவார்கள். 2014 பிப்ரவரி 18 அன்று தெலங்கானா மசோதா நிறைவேறிய நேரத்தில் மக்களவை நேரலையே நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அத்தகைய ஒரு நேரத்தில் திரை இருண்டால், அதன் பிறகு அந்தச் சட்டத்தின் மீது விழும் ஐயத்தை எந்த விளக்கமும் போக்குவதில்லை.

குழுக்களின் நிலை இன்னும் மோசம். சட்டமியற்றும் உண்மையான வேலையில் பெரும்பகுதி குழுக்களில்தான் நடக்கிறது. நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-இல் தொடங்கி, இன்று 24 இருக்கின்றன. அதிகாரிகளை உட்கார வைத்து அங்கே உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. கதவை மூடினால்தான் கட்சி பார்க்காமல் பேசுவார்கள் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும், 1973-இல் அமெரிக்க மேலவைக் குழு, அதிபர் நிக்சனின் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் விசாரணையைத் தொலைக்காட்சியில் நடத்தியபோது, தங்கள் அரசு எப்படி இயங்குகிறது என்பதை அந்நாட்டு மக்கள் வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். நம் சட்டமன்ற உறுதிமொழிக் குழு, அமைச்சர்கள் அவையில் அளித்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று ஆராய்கிறது. என் அப்பாவின் மூன்றாவது பத்தியை அரசாங்க அளவில் எழுதும் குழு அது. அது மாவட்டத்துக்கு வந்து ஆய்வு செய்யும்போது எங்களுக்குக் கிடைப்பது ஒரு புகைப்படமும் நான்கு வரிச் செய்தியும்.

தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 ஜனவரி 6 அன்று முதன்முறையாக நேரலையில் வந்தது. அப்பா அதைப் பார்க்க இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு நான் பணி ஓய்வு பெற்று, ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் என் கணவருக்கு இருக்கும் சிறிய காப்பித் தோட்டத்தில் குடியேறியிருந்தேன். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே. அவற்றில் ஏற்காடு ஒன்று. எங்கள் வீட்டில் கைப்பேசிக்கு அலை எடுக்காது. தோட்டத்தின் மேல் எல்லையில், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் நின்றால் எடுக்கும்.

அந்த ஏப்ரலில், கோடை மழைக்குப் பிறகு காப்பி பூத்திருந்த ஒரு காலையில், நான் பாறையில் உட்கார்ந்து கேள்வி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்குக் களை எடுக்க வரும் பெரியவர், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். வேறொரு மலைத் தொகுதியின் உறுப்பினர் தம் பகுதிச் சாலையைப் பற்றிக் கேட்டார். வனத்துறையின் அனுமதி வந்ததும் பணி தொடங்கும் என்பது பதில். உறுப்பினர் விடவில்லை, அனுமதி கேட்டு என்றைக்கு விண்ணப்பித்தீர்கள் என்று துணைக்கேள்வி போட்டார். அமைச்சர் காகிதத்தைப் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், ஆவன செய்யப்படும் என்று சொல்லி உட்கார்ந்தார். பெரியவர் கைப்பேசிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், “அப்போ கேட்கவே இல்லீங்களா டீச்சரம்மா?” என்றார். அவருடைய ஊருக்குப் போகும் மண்சாலைக்கும் பல ஆண்டுகளாக இதே பதில்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. என்றைக்கு விண்ணப்பம் போனது என்று கேட்கலாம் என்பது அவருக்கு அன்றுதான் தோன்றியது.

மே 1 கிராம சபையில் அவர் அந்தக் கேள்வியை எழுந்து கேட்டார். தேதியைப் பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்தது. வீட்டுக்கு வந்து நான் அப்பாவின் மூன்றாவது நோட்டில், அவர் விட்டிருந்த வெற்றுப் பக்கத்தில், தேதியும் கேள்வியும் பதிலும் எழுதி, கோடு போட்டேன்.

பாறையில் அன்று கேள்வி நேரம் முடிந்ததும் ஒளிபரப்பு நின்றது. அடுத்து ஒரு துறையின் மானியக் கோரிக்கை விவாதம் இருந்தது. மிச்சத்தை எப்போது காட்டுவார்கள் என்று பெரியவர் கேட்டார். சாயங்காலம் கொஞ்சம் வெட்டிப் போடுவார்கள் என்றேன். அவர் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.